எடையின்மையும் 'கீழ்' என்னும் திசையும்

எடையின்மையை விடுதலையின் உருவகமாகவே கவிதைகளில் கையாண்டு பழகிவிட்டோம். பாரம் நீங்கினால் பறக்கலாம் என்பது நம் நம்பிக்கை. விண்கலத்தின் எரிபொருள் கலனைப் பற்றி அறிந்தால், அவ்வுருவகத்தை மறுபரிசீலனை செய்ய வேண்டியிருக்கும்.

பூமியில் கலனின் அடியில் துளையிருந்தால் திரவம் தானாக இறங்கும். எடையின்மையிலோ 'அடி' என்பதே இல்லை. திரவமும் அதை உந்தும் வாயுவும் கலனுக்குள் இடம் மாறிக் கிடக்கும். குழாயில் எரிபொருளுக்குப் பதில் வாயுக்குமிழி புகுந்தால் எஞ்சின் தடுமாறும், அணைந்தும் போகலாம்.

ஆகவே 'கீழ்' என்பதைப் பொறியாளர்களே உண்டாக்க வேண்டியிருக்கிறது. 1969இல் அப்பல்லோ 11ஐ நிலவை நோக்கிச் செலுத்திய மூன்றாம் அடுக்கை மீண்டும் இயக்குமுன், சிறு எஞ்சின்கள் அதை மெல்ல முன்தள்ளி எரிபொருளை அடியில் படியச் செய்தன. 1977இல் புறப்பட்ட வாயேஜர் கலங்களில் ரப்பர்ப் பை ஒன்று வாயுவையும் ஹைட்ரசீனையும் பிரித்து வைக்கிறது. 1975இல் ஏவப்பட்ட வைக்கிங் சுற்றுக்கலங்களிலோ, கலனுக்குள் அமைந்த மெல்லிய தகடுகளைப் பற்றிக்கொண்டு, பரப்பு இழுவிசையே எரிபொருளை வெளிவாயிலில் சேர்த்தது.

விளக்குத்திரியில் எண்ணெய் ஏறுவதும் அவ்விசையால்தான். எடையின் ஆட்சியில் நாம் பொருட்படுத்தாத சிறுவிசை, எடை விலகியதும் பெரும்பொறுப்பை ஏற்கிறது.

பாரத்தைப் பழித்து அடுத்த வரியை எழுதுமுன், நமக்குத் திசை தந்ததும் அப்பாரமே என்பதைச் சற்று எண்ணிப் பார்ப்போம்.