இசப்கோலும் ஒரு டம்ளர் தண்ணீரும்

சகோதரிகளே, என் மாமியாருக்கு நாள்பட்ட மலச்சிக்கல். கள்ளக்குறிச்சி போனபோது இசப்கோல் உமி வாங்கி வந்தேன். "இதுக்கு எதுக்கும்மா இத்தனை தண்ணி?" என்று ஒரு ஸ்பூனை வாயில் போட்டு, இரண்டே மடக்கில் விழுங்கிவிட்டார். உமி நெஞ்சில் அடைத்துக்கொண்டது! நல்லவேளை, இருமியதில் வெளியே வந்துவிட்டது. எனக்குத்தான் கைகால் நடுக்கம் அடங்க வெகு நேரமாயிற்று.

இந்த உமி தண்ணீரை உறிஞ்சிப் பல மடங்கு ஊதும். அதனால்தான் மலம் இளகுகிறது. தண்ணீர் குறைந்தால் அதுவே தொண்டையையும் குடலையும் அடைக்கும். பெரிய டம்ளர் நிறையத் தண்ணீரில் கலக்கி, கெட்டியாகுமுன் குடித்துவிட வேண்டும். மற்ற மாத்திரைகளுக்கும் இதற்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்கு டாக்டரைக் கேட்காமல் கொடுக்கவே கூடாது.

பெரியவர்களுக்குத் தினம் 25 கிராம் நார்ச்சத்தாவது உணவிலிருந்தே கிடைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொல்லியிருக்கிறது. நம்ம கரியாலூர்ப் பக்கம் விளைகிற சாமையும் கேழ்வரகும் பின்னே எதற்கு? அதிகம் தீட்டாத சாமைச் சோறு, கீரை, மொச்சை, கொய்யாப்பழம் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினேன். இப்போது அத்தை உமி டப்பாவைத் தேடுவதில்லை. தண்ணீர்ச் செம்பு மட்டும் எப்போதும் பக்கத்திலேயே இருக்கிறது!