விசைக்கருவியும் வீண் வெட்கமும்

தறியில் அமர்ந்தவன் கையில் இழை அறுவது புதிதன்று. அறுந்த இடத்தைக் கண்டதும் தறியை நிறுத்தி, இழையை முடிந்து, மீண்டும் நெய்யத் தொடங்குவான். அதற்காக எந்த நெசவாளியும் நாணுவதில்லை. அதை மறைத்து மேலே நெய்தால்தான் துணியும் கெடும், நெய்தவன் பெயரும் கெடும். நம் நெசவாள அங்கத்தினர்கள் நன்கறிந்த இவ்வுண்மையை, தோட்டத்தில் விசைக்கருவி பிடிக்கும் நம் விவசாய அங்கத்தினர்கள் ஏனோ இன்னும் கைக்கொள்ளவில்லை. அதுபற்றி இம்மாதம் சில சொற்கள் எழுத விரும்புகிறோம்.

முதலில் நம் குட்டை நாமே உடைத்துவிடுகிறோம். பிரஷ் கட்டர் என்னும் புல்வெட்டும் எந்திரத்தை முதன்முதலாகத் தோளில் மாட்டிய அன்று, அக்கம்பக்கத்தார் பத்துப் பேர் சூழ்ந்து நிற்க, அதன் கயிற்றை இருபது முறைக்கு மேல் இழுத்தோம். எந்திரம் முனகக்கூட இல்லை. விற்றவரை வைதோம், எண்ணெயைக் குறை கூறினோம். அப்பொழுது அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த சிறுவன் ஒருவன், "ஐயா, சுவிட்சு கீழே கிடக்கே!" என்றான். சுவிட்சைப் போட்டு இழுத்தோம், அப்பொழுதும் கிளம்பவில்லை. சோக்கை மூடியபடியே இழுத்து இழுத்துப் பிளக்கைப் பெட்ரோலில் நனைத்துவிட்டிருந்தோம். பிளக்கைக் கழற்றித் துடைத்து, சற்று ஆறவிட்ட பின்னரே அது உயிர் பெற்றது. அன்று நமக்குப் போனது அரை மணி நேரமும் சிறிது கௌரவமுமே. வேறொன்றும் கெடவில்லை.

இத்தகைய கதைகள் சாத்தான்குளம் வட்டாரத்தில் தோட்டத்திற்கு ஒன்றாவது உண்டு. மின்கம்பியில் பழுது பார்த்துச் சென்ற மறுநாள், கிணற்றில் நீர் குறைந்துவிட்டதென்று மனம் கலங்கி, கிணறு வெட்டும் ஆட்களைத் தேடிப் புறப்பட்டார் நம் அன்பர் ஒருவர். உண்மையில் நீர் குறையவில்லை. மும்முனை மின்சாரத்தின் கம்பிகளில் இரண்டு இடம் மாறியதால் மோட்டார் எதிர்ப்புறமாகச் சுழன்றுகொண்டிருந்தது. அவ்வாறு சுழலும் பம்பு நீரை அடியோடு நிறுத்துவதில்லை, குறைத்துத் தரும். அதனாலேயே பழி கிணற்றின் மேல் விழுகிறது. பம்பின் உடலில் பொறித்துள்ள அம்புக்குறியைப் பார்த்திருந்தால் நொடியில் விளங்கியிருக்கும். மின்சாரத்தை நிறுத்தி, விவரம் தெரிந்த மின்பணியாளரைக் கொண்டு ஏதேனும் இரண்டு கம்பிகளை மாற்றிப் பூட்டினால் தீர்ந்தது.

இன்னொருவர் டீசல் எஞ்சினைத் தொட்டி வறளும்வரை ஓட்டி, பிறகு தொட்டியை நிரப்பிவிட்டு, ஏன் கிளம்பவில்லையென்று மாலைவரை சுழற்றினார். குழாயில் ஏர் பிடித்திருந்தது. அதை வெளியேற்றும் திருகைச் சற்றுத் தளர்த்தினால் போதுமென்பது அவருக்குத் தெரியவில்லை. தேரிச் சரிவில் பவர் டில்லரை இறக்கிய வேறொருவர், வலப்புறம் திரும்ப வலக்கைப் பிடியை அழுத்த, வண்டி இடப்புறமாக வேலியில் போய் முட்டி நின்றது. சமநிலத்தில் விசை அறுபட்ட சக்கரம் பின்தங்கும். சரிவில் அச்சக்கரமே தடையின்றி முந்தி ஓடும். ஆகவே இறக்கத்தில் திருப்பம் தலைகீழாகிறது. அவருடைய முட்டாள்தனத்தால் நேர்ந்ததன்று அது, எந்திரத்தின் இயல்பு.

நிற்க. இவற்றையெல்லாம் நகைப்புக்காக மட்டும் நாம் எழுதவில்லை. சென்ற ஆண்டு ஐப்பசி மழைக்குப் பின் நிகழ்ந்த ஒன்றே நம்மை எழுதத் தூண்டியது.

சங்கத்தின் வாடகைக் கருவிகளுள் ஒன்றான புல்வெட்டும் எந்திரத்தை ஓர் அன்பர் எடுத்துச் சென்றார். அது டூ ஸ்ட்ரோக் எஞ்சின். அதற்குத் தனியாக எண்ணெய்க் கிண்ணம் இல்லை. பெட்ரோலோடு கலந்த எண்ணெயே உள்ளுறுப்புகளுக்கு உயவு. லிட்டருக்கு 20 மில்லியோ 40 மில்லியோ, அந்தந்தக் கருவிக்குக் குறித்த அளவில் கலக்க வேண்டும். அன்பர் வெறும் பெட்ரோலை ஊற்றிவிட்டார். ஓட்டுவதற்கு முன்பே தவறு அவர் மனத்தில் பட்டது. ஆனால், கேட்டால் சிரிப்பார்களே என்று நாணி, "உடம்பு சரியில்லை" என்று சொல்லி எந்திரத்தை அப்படியே திருப்பி வைத்துவிட்டார். மறுநாள் முருங்கைத் தோட்டத்து அம்மாள் ஒருவர் அதை எடுத்துச் சென்றார். சிறிது நேரத்திலேயே எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. பிஸ்டனும் சிலிண்டரும் மாற்ற நேர்ந்தது. களை வெட்டும் பருவம் அவருக்குக் கழிந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, தம் கையால்தான் கெட்டதென்று அந்த அம்மாள் ஒரு மாத காலம் சங்கத்துப் படி ஏறாமல் இருந்தார். பின்னர் முதல் அன்பர் தாமே முன்வந்து நடந்ததைச் சொன்னார். அவரை நாம் மெய்யாகவே பாராட்டுகிறோம். ஆயினும் அச்சொல் ஒரு நாள் முன்னதாக வந்திருந்தால் தொட்டியைக் கவிழ்ப்பதோடு முடிந்திருக்குமே!

ஒரே தவறு எப்பக்கம் நேர்கிறதென்பதும் நோக்கத்தக்கது. ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினில் எண்ணெய் கலந்த பெட்ரோலை ஊற்றினால் புகை கிளம்பும், பிளக் அழுக்கேறும், பெரும்பாலும் அவ்வளவே. டூ ஸ்ட்ரோக்கில் வெறும் பெட்ரோல் ஊற்றினால் எஞ்சினே போகும். எது சிறு தவறு, எது பெருந்தவறு என்பதைத் தனியொருவர் வெட்கத்தோடு உட்கார்ந்து தீர்மானிக்க இயலாது. சொன்னால்தான் தெரியும்.

நம் முன்னோர் கமலை இறைத்த காலத்தில் வடம் அறுந்தால் அடுத்த தோட்டத்தான் ஓடிவந்து முடிந்து கொடுத்தான். பாபநாசம் நீர்மின் நிலையம் 1944இல் இயங்கத் தொடங்கிய பின் நெல்லைச் சீமையில் மின்சாரம் பரவிற்று. படிப்படியாக மோட்டார் வந்தது, இன்று தோளில் மாட்டும் எஞ்சினும் வந்துவிட்டது. கருவி மாறிற்று, கேட்டுக் கற்கும் பழக்கமும் உடன் மாறிவிடலாமா? கூட்டுறவு என்பது கடனும் உரமும் பங்கிட்டுக் கொள்வது மட்டுமன்று. அறிவையும், அறியாமையையும்கூடப் பங்கிட்டுக் கொள்வதேயாம்.

ஆதலின் நாம் மூன்று யோசனைகள் கூறுகிறோம். கருவிக் கொட்டகையில் ஒரு நோட்டுப் புத்தகம் தொங்கட்டும். கருவியைத் திருப்புவோர், பெயர் எழுதாமலே, நேர்ந்த தவறை எழுதட்டும். எண்ணெய் கலந்த பெட்ரோல் கேனுக்குச் சிவப்பும், கலவாததற்கு வெள்ளையுமாகச் சாயம் பூசுவோம். கருவி எடுக்கும்போதும் திருப்பும்போதும் பொறுப்பாளரும் உறுப்பினரும் சேர்ந்து பத்து நிமிடம் அதைச் சோதிப்பது வழக்கமாகட்டும்.

ஒன்றை மட்டும் வற்புறுத்துகிறோம். சுழலும் கத்தியில் சிக்கிய கொடியை எஞ்சின் ஓடும்போதே கையால் எடுத்தல், சூடான எஞ்சினில் பெட்ரோல் ஊற்றுதல், மின்சாரத்தை நிறுத்தாமல் கம்பியைத் தொடுதல் ஆகியவை நாம் மேலே சிரித்துச் சொன்ன தவறுகளின் இனத்தைச் சேர்ந்தவையல்ல. அவற்றில் நகைப்புக்கு இடமில்லை. திருத்திக்கொள்ள மறு வாய்ப்பும் இல்லை.

மற்றவற்றைத் தாராளமாகச் சொல்லுங்கள்; நாமும் சிரிப்போம், நீங்களும் சிரியுங்கள். நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில், சுவிட்சு போடாமல் கயிறிழுத்த கதையை நாமே எழுதி வைத்திருக்கிறோம். இரண்டாம் பக்கம் அங்கத்தினர்களுக்காகக் காத்திருக்கிறது.