எஸ்டிமேட் வேறு, எம்-புக் வேறு

பள்ளிபாளையம் பாலத்தில் நின்று காவிரியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தூணில் மோதும் தண்ணீர், பின்பக்கம் இடமும் வலமுமாக மாறி மாறிச் சுழிக்கும். பிரான்சில் ஆன்ரி பெனார் என்பவர் இந்தச் சுழிகளைப் படம் பிடித்து ஆராய்ந்து 1908-லேயே எழுதிவிட்டார். தண்ணீர் மட்டும் என்றால் கணக்கு ஓரளவு பிடிபடும். குமிழிகள் கலந்தால்தான் சிக்கல்.

இது விளையாட்டு ஆராய்ச்சி அல்ல. அணுமின் நிலையத்தில் நீராவி உண்டாக்கும் கலத்துக்குள் ஆயிரக்கணக்கான மெல்லிய குழாய்கள் உண்டு. குழாய்க்குள் அணு உலையிலிருந்து வரும் சுடுநீர். வெளியே கொதித்துக் குமிழியிடும் நீர். அந்த ஓட்டம் அளவுமீறி வேகமெடுத்தால் குழாய்கள் அதிர்ந்து, ஒன்றோடொன்று உரசித் தேயும்.

கலிபோர்னியாவின் சான் ஒனோஃப்ரேயில் அதுதான் நடந்தது. புதுக் கலம் மாட்டி ஓட்டி ஒரு வருஷம் ஆவதற்குள், 2012 ஜனவரி 31-ல் குழாய் கசிந்தது. வடிவமைப்பின்போது போட்ட கணினிக் கணக்கு, ஆவியின் பங்கையும் வேகத்தையும் குறைத்து மதிப்பிட்டிருந்தது. 2013 ஜூனில் நிலையத்தையே மூடுவதாக அறிவித்துவிட்டார்கள்.

இதைப் படித்தபோது என் குமாஸ்தா நாட்கள் நினைவுக்கு வந்தன. எஸ்டிமேட்டைக் காட்டிப் பில் பாஸ் செய்ய முடியாது. டேப் பிடித்து அளந்து எம்-புக்கில் ஏறினால்தான் பணம். ஒருமுறை, அளக்காமல் எஸ்டிமேட்டையே எம்-புக்கில் நகல் எடுத்து வந்த பில்லுக்கு நானும் இனிஷியல் போட்டேன். கூட்டல் சரியாக இருந்தது. முதல் மழையில் அந்தச் சிறுபாலம் உட்கார்ந்துவிட்டது. இன்றும் உறுத்துகிறது.

குமிழியை அளப்பது டேப் பிடிப்பதுபோல் சுலபமில்லை. லேசர் ஒளியை மெல்லிய தகடுபோலப் பாய்ச்சி, நீரில் கலந்த நுண்துகள்களை அடுத்தடுத்து இரண்டு படம் எடுத்து, எவ்வளவு நகர்ந்தன என்று பார்ப்பார்கள். குமிழிகள் பளபளத்துப் படத்தைக் கெடுக்கும். அதனால், பச்சை ஒளி பட்டால் ஆரஞ்சாக ஒளிரும் துகள்களைக் கலந்து, காமிராவுக்கு வடிகட்டி மாட்டுகிறார்கள். குமிழிகள் நெருங்கிவிட்டால் முன்னிருப்பது பின்னிருப்பதை மறைக்கும். அப்போது எக்ஸ்ரே போன்ற வேறு வழிதான்.

நம் கூடங்குளத்தில் அந்தக் கலங்கள் படுக்கை வாக்கில் இருப்பவை, அமைப்பே வேறு. பயமுறுத்த நான் இதை எழுதவில்லை. ஆனால் "குமிழியைப் படம் எடுக்க இவ்வளவு செலவா?" என்று யாராவது கேட்டால், தயவுசெய்து தலையாட்டாதீர்கள். கூட்டல் சரியாக இருந்தால் போதாது. அளந்திருக்க வேண்டும்.