'எதற்காக' என்று ஒரு வரி

பணி ஓய்வு பெற்று ஆறு வருடங்கள் ஆகிவிட்டன. ஒரு விஷயத்தில் மட்டும் என் கோபம் இன்னும் ஆறவில்லை.

கிளை அலுவலகங்களை இணைக்கும் ரவுட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. எந்தத் தகவலை விடலாம், எதைத் தடுக்க வேண்டும் என்று ஒவ்வொரு ரவுட்டரிலும் வரிவரியாகக் கட்டளைகள் இருக்கும். அதுதான் கான்ஃபிகரேஷன். ரான்சிட் என்ற இலவச மென்பொருள் அதை அவ்வப்போது நகலெடுத்து, பழைய நகலோடு ஒப்பிட்டு, மாறிய வரிகளை மின்னஞ்சலில் அனுப்பிவிடும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் குறிப்பு எழுத வேண்டிய இடத்தில் அது தானாகப் போடுவது 'அப்டேட்ஸ்' என்ற சொல்லைத்தான்.

"எல்லாம்தான் பதிவாகிறதே சார், தனியாக எதற்குக் குறிப்பு?" என்பார்கள் இளைஞர்கள். என்ன மாறியது என்பது பதிவாகிறது, சரி. ஏன் மாற்றினோம் என்பது மெஷினுக்கு எப்படித் தெரியும்?

ஒருமுறை, யாருக்கும் காரணம் தெரியாத ஒரு அனுமதி வரியை வேண்டாததென்று ஒரு தம்பி நீக்கினார். மூன்று வாரம் ஒன்றும் ஆகவில்லை. மாதக் கடைசியில் ஒரு கிளையிலிருந்து பென்ஷன் பட்டியல் வந்து சேரவில்லை. அரை நாள் தேடினோம். பழைய நகல்களில் அந்த வரி நுழைந்த தேதி இருந்தது, காரணம் இல்லை. கடைசியில் என் பழைய டைரியில் கிடைத்தது. அந்த வரியைப் போட்டவனே நான்தான்! தம்பியைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

லெட்ஜரில் ஒரு எண்ணை அடித்துத் திருத்தினால் பக்கத்தில் சுருக்கொப்பம் கேட்ட காலம் நம்முடையது. ரவுட்டருக்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை?

"ரவுட்டர் குறிப்பை வைத்துக்கொள்ளாது" என்பது பாதி உண்மை. சிஸ்கோவில் ஆச்சரியக்குறி போட்டு எழுதுவது நிற்காது. ஆனால் அனுமதிப் பட்டியலில் 'ரிமார்க்' நிற்கும், இன்டர்ஃபேஸில் 'டிஸ்கிரிப்ஷன்' நிற்கும். ஜூனிப்பரில் 'கமிட்' கொடுக்கும்போதே காரணத்தையும் எழுதலாம். "டிக்கெட் எண் இருக்கிறதே" என்பார்கள். டிக்கெட் மென்பொருளை மாற்றும் நாளில் அந்த எண்ணால் என்ன பயன்?

பத்து சொல், அரை நிமிடம். யார் கேட்டு, எதற்காக, எதுவரை என்று எழுதினால் போதும். அதற்கு நேரமில்லை என்பவர் ரவுட்டரில் கை வைக்கவே கூடாது.

உங்கள் வீட்டில் இந்த வேலை பார்க்கும் பிள்ளைகள் இருந்தால் இதைப் படிக்கச் சொல்லுங்கள்.