கதைக்கு ஒரு பொய் போதும்!



போன வருட மலரில் நான் எழுதிய கதை ஞாபகம் இருக்கிறதா? மலைக் குகையில் உட்கார்ந்து தியானம் பண்ணுகிற ஹீரோ, ‘குவாண்டம் பின்னல்’ வழியாக, துபாயில் படுத்துக் கிடக்கும் நண்பனின் காய்ச்சலைக் குணமாக்குவான். “சூப்பர் மச்சான்!” என்று தோளில் தட்டினீர்கள். கேன்டீனில் மூன்று பேர் டீ வாங்கிக் கொடுத்தார்கள். இன்று அந்தக் கதைக்காக உங்களிடம் மன்னிப்புக் கேட்கத்தான் பேனா எடுத்திருக்கிறேன்.

நடந்தது இதுதான். எங்கள் வீடு ரமணாசிரமம் பகுதியில், செங்கம் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில். பெரியம்மாவுக்குப் பத்து வருடமாக சர்க்கரை. ஒரு பௌர்ணமியன்று, கிரிவலக் கூட்டத்தில் வந்த யாரோ ஒருவர் ‘குவாண்டம் சக்தி’ பதக்கம் என்று ஒன்றை அவர் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டார். விலை 3,500 ரூபாய். பெரியம்மா பதக்கத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மாத்திரையை நிறுத்திவிட்டார். நான் சத்தம் போட்டேன். அவர் நிதானமாகச் சொன்னார்:

“நீதானடா புக்குல எழுதினே? படிச்ச புள்ளை பொய்யா எழுதுவே?”

எனக்குப் பேச்சு வரவில்லை. இருபது நாளில் கால் விரலில் புண். ஆஸ்பத்திரி, ஊசி, ஒரு மாதக் கட்டு. நல்லவேளை, விரல் தப்பியது. அந்த ஒரு மாதமும் நான் யோசித்த விஷயம் ஒன்றே ஒன்று: அறிவியலையும் கற்பனையையும் கலந்து எழுதுவது தப்பா?

தப்பில்லை என்பதுதான் என் கட்சி. ஆனால் எப்படிக் கலக்கிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

முதலில் ஒன்று சொல்கிறேன். குவாண்டம் என்பது சாமியார் சமாச்சாரம் இல்லை, நம் சிலபஸ் சமாச்சாரம்! எலக்ட்ரானிக்ஸ் மாணவர்களே, டனல் டையோடு படித்தீர்களே, நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள், புரிந்தா படித்தீர்கள்? ‘நெகட்டிவ் ரெசிஸ்டன்ஸ்’ என்று கிராஃப் போட்டோம், மார்க் வாங்கினோம், மறந்தோம். 1957-இல் ஜப்பானில் சோனி கம்பெனியில் வேலை பார்த்த லியோ எசாகி கண்டுபிடித்தது அது. 1973-இல் அவருக்கு நோபல் பரிசும் வந்தது. ஒரு மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்கு கனமே உள்ள தடை. அதைத் தாண்டும் சக்தி எலக்ட்ரானுக்குக் கிடையாது. ஆனாலும் அந்தப் பக்கம் போய் நிற்கிறது! சுவர் ஏறிக் குதிக்கவில்லை, ஓட்டையும் போடவில்லை. நம் பாக்கெட்டில் இருக்கும் பென் டிரைவில் பாட்டு பதிவாவதும் இதே வித்தையால்தான். இதை ரெண்டு மார்க் பதிலாகப் படித்தால் தூக்கம் வரும். கதையாகச் சொன்னால் தூக்கம் போகும். கண்ணால் பார்க்க முடியாத ஒன்றைக் காட்டுவதற்குக் கதையைவிட நல்ல கருவி வேறென்ன இருக்கிறது?

நம் நாட்டில் பெரியவர்கள் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள்.

1896-இல் ஜகதீச சந்திர போஸ் வங்காளியில் ஒரு கதை எழுதினார். கூந்தல் தைலக் கம்பெனி ஒன்று நடத்திய போட்டிக்காக எழுதியது. ஒரு பாட்டில் தைலத்தைக் கடலில் ஊற்றியதும் புயல் அடங்கிவிடும்! சிரிப்பு வருகிறதா? ஆனால் எண்ணெய்ப் படலம் அலையை அடக்கும் என்பது நிஜமான இயற்பியல். நிஜம் விதை, புயல் அடங்குவது கற்பனை. படிக்கிறவனுக்கு எது எது என்று தெரியும். கப்பலில் போகும்போது யாரும் தைலத்தை நம்பி ஏற மாட்டார்கள். இதே போஸ்தான் கலீனா படிகத்தை வைத்து அலை உணரும் கருவி செய்து, 1904-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றவர். நம் குறைகடத்திப் பாடத்துக்கே ஒரு வகையில் தாத்தா.

அடுத்தவர் ஜெயந்த் நார்லிகர். புனேயில் வானியல் ஆய்வு மையத்தை உருவாக்கிய விஞ்ஞானி, 2025 மே மாதம் காலமானார். மராத்தியில் அவர் எழுதிய பானிபட் கதையின் ஆங்கில வடிவம், என்.சி.இ.ஆர்.டி. பதினோராம் வகுப்புப் புத்தகத்தில் பாடமாக வந்தது. கெய்டொண்டே என்ற சரித்திரப் பேராசிரியர் ஒரு விபத்தில் சிக்கி வேறோர் உலகத்துக்குப் போய்விடுகிறார். அங்கே 1761 பானிபட் போரில் மராத்தியர் ஜெயித்திருக்கிறார்கள். காரணம், விஸ்வாசராவைக் கொன்ற குண்டு அங்கே காதோரம் உரசிப் போய்விட்டது. கடைசியில் நண்பர் உட்கார்ந்து விளக்குகிறார்: சுடப்பட்ட எலக்ட்ரான் இங்கே போகும், அங்கே போகும் என்று முன்கூட்டியே அடித்துச் சொல்ல முடியாது, ஒவ்வொரு சாத்தியத்துக்கும் ஓர் உலகம் இருக்கலாம் என்று.

இதில் நிஜம் எவ்வளவு? எலக்ட்ரான் எங்கே விழும் என்பதற்கு வாய்ப்புக் கணக்கு மட்டும்தான் போட முடியும் என்பது சோதனையில் நிற்கிற நிஜம். ஒவ்வொரு சாத்தியமும் ஓர் உலகம் என்பது 1957-இல் ஹ்யூ எவரெட் சொன்ன கருத்து. அதை ஏற்பவரும் உண்டு, மறுப்பவரும் உண்டு. ஓர் உலகத்திலிருந்து இன்னொன்றுக்குப் போய்த் திரும்புவது மட்டும் முழுக் கற்பனை. பாருங்கள், நார்லிகர் சொன்ன பொய் ஒன்றே ஒன்று! கதை ஓடுவதற்கு அது போதுமாக இருந்தது.

நம் தமிழில் சுஜாதா இருந்தார். பாரத் எலக்ட்ரானிக்ஸில் எஞ்சினியர், வாக்குப்பதிவு இயந்திரத்தில் பங்கு உண்டு. ஒரு கையால் ஜீனோ என்ற இயந்திர நாயைப் பேச வைத்தார், இன்னொரு கையால் ‘ஏன்? எதற்கு? எப்படி?’ என்று கேள்வி பதில் எழுதினார். ரெண்டு கையும் ஒன்றையொன்று ஏமாற்றவில்லை.

நான் என்ன செய்தேன்? ‘பின்னல்’ என்ற வார்த்தையை யூட்யூபில் கேட்டேன், அழகாக இருந்தது, தூக்கிப் போட்டேன். அதன் அர்த்தம் என்ன என்று பின்னால்தான் படித்தேன். பின்னிய ஜோடித் துகள்களில் ஒன்று இங்கே, ஒன்று வேலூரில் என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கே அளந்தால் தலையா பூவா என்று இஷ்டத்துக்கு வரும். அங்கேயும் அப்படியே. ரெண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் ஒற்றுமை தெரியும். சாதாரணக் கணக்குக்கு அடங்காத ஒற்றுமை அது. இதைச் சோதித்துக் காட்டியதற்காகத்தான் ஆஸ்பெ, கிளாசர், ஸைலிங்கர் மூவருக்கும் 2022-இல் நோபல் கொடுத்தார்கள். ஆனால் பட்டியலை ஒப்பிட போன் பண்ணியாக வேண்டும்! பின்னல் மட்டும் வைத்து ஒரு ‘ஹலோ’கூட அனுப்ப முடியாது. அப்புறம் காய்ச்சலை எங்கே குணமாக்குவது?

‘பார்வையாளர்’ என்ற வார்த்தையிலும் இதே குழப்பம்தான். யாரும் பார்க்காதபோது நிலா இல்லையா என்று ஐன்ஸ்டைன் தன் நண்பர் பைஸிடம் கேட்டாராம். பார்ப்பது என்றால் மனசு என்று நம்மூர்க் காபிக் கடைகளில் பேசுகிறார்கள். ஆய்வுக்கூடத்தில் ஆள் இல்லாமல் கருவி மட்டும் அளந்தாலும் அதே விடைதான் வரும். ‘நான் யார்?’ என்று கேட்ட ரமணருக்கு எலக்ட்ரான் சாட்சி தேவைப்படவில்லை. அவர் கேள்வி தன் காலிலேயே நிற்கிறது. எலக்ட்ரானும் அப்படியே. ரெண்டையும் ஒரே பதக்கத்தில் ஊற்றி விற்பவர்கள் ரெண்டுக்கும் மரியாதை செய்யவில்லை.

இன்னொரு தகவல். 2021 டிசம்பரில் நெதர்லாந்து அணுப் பாதுகாப்பு ஆணையம், இப்படிப்பட்ட பத்துப் பொருட்களைச் சோதித்து, அவற்றில் கதிரியக்கம் இருக்கிறது, அணியாதீர்கள் என்று எச்சரித்தது. எனக்கு அது தெரிந்த அன்றே பெரியம்மாவின் கழுத்தைக் காலி பண்ணிவிட்டேன்.

என் யோசனை இதுதான். இனி நம் மலரில் வரும் ஒவ்வொரு அறிவியல் கதையின் முடிவிலும் நாலு வரி: எது நிஜம், எது விவாதத்தில் இருக்கிறது, எது என் கற்பனை. “மேஜிக் காட்டிட்டு சீட்டை விரிச்சுக் காட்டுற மாதிரி இருக்குடா, கதை செத்துடும்” என்கிறான் என் ரூம்மேட். அவன் சொல்வதிலும் நியாயம் உண்டு. எழுதத் தெரிந்தவன் நார்லிகர் மாதிரி கதைக்குள்ளேயே அதைச் சொல்லிவிடலாம், தனியாக வேண்டாம். நம்மைப் போன்ற கற்றுக்குட்டிகளுக்கு நாலு வரி இருக்கட்டுமே! அந்த நாலு வரி எழுத உட்கார்ந்தால்தான் நமக்கே தெரியும், நாம் படித்திருக்கிறோமா இல்லையா என்று.

2023-இல் மத்திய அரசு தேசியக் குவாண்டம் திட்டத்துக்கு 6,003 கோடி ரூபாய் ஒதுக்கியது. குவாண்டம் தகவல் தொடர்புக்கான மையம் சென்னை ஐ.ஐ.டி.யில். அங்கே கருவி மாட்டவும் லேசர் சரிபார்க்கவும் டிப்ளமோ கைகள் வேண்டும். அதாவது நாம்தான்! நம் வீடுகளுக்கு அந்த வார்த்தை பதக்கமாகப் போக வேண்டுமா, பாடமாகப் போக வேண்டுமா என்பதையும் நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.

பெரியம்மா இப்போது ஒழுங்காக மாத்திரை போடுகிறார். “இந்த வருஷம் என்னடா எழுதியிருக்கே?” என்று நேற்றுக் கேட்டார். உட்கார வைத்து முழுவதும் படித்துக் காட்டினேன். டனல் டையோடு வந்த இடத்தில் நிறுத்தச் சொன்னார்.

“இது கதையா, நெசமா?”

“நெசம் பெரியம்மா.”

“அப்ப இன்னொரு தடவை படி” என்றார்.

— மூன்றாம் ஆண்டு, மின்னணு மற்றும் தகவல் தொடர்புப் பிரிவு