எடைக்குப் போன இரவுக் குறிப்பேடுகள்

சில ஆண்டுகளுக்கு முன்பு, நான் அப்போது பணியாற்றிய மருத்துவமனையில் பழைய உள்நோயாளர் பிரிவு ஒன்றைப் புதுப்பித்தார்கள். கிடங்கறையில் கிடந்தவற்றைக் கழித்துவிடுவதற்கென ஒரு பட்டியல் தயாராயிற்று. துருவேறிய கட்டில்கள், எனாமல் பூச்சு உதிர்ந்த தட்டுகள், ஊசிகளைக் கொதிக்கவைக்கும் பாத்திரம் ஆகியவற்றுக்குக் கீழே, கடைசி வரியில் ‘பழைய தாள்கள், பதினொரு மூட்டை’ என்றிருந்தது. அப்பட்டியலில் கையொப்பமிட்டவர்களுள் நானும் ஒருவன். மூட்டைகளில் என்ன இருந்தது என்று நான் பிரித்துப் பார்க்கவில்லை. வண்டி சென்ற பின்னர்தான் அப்பிரிவின் மூத்த செவிலியர் சொன்னார்: அவை செவிலியர்களின் இரவுக் குறிப்பேடுகள்.

அக்குறிப்பேடுகளின் மதிப்பை நான் அறியாதவன் அல்லன். அதே பிரிவில், மூச்சுத்திணறலுடன் வந்த முதியவர் ஒருவருக்கு ஆஸ்துமா என்று கருதி நான் மருந்து கொடுத்து வந்தேன். பகலில் அவர் நன்றாகவே இருந்தார். மூன்றாம் நாள் காலையில் இரவுக் குறிப்பேட்டைப் புரட்டினேன். மூன்று இரவுகளிலும் ஏறத்தாழ ஒரே செய்தி எழுதப்பட்டிருந்தது: படுத்த இரண்டு மணி நேரத்தில் மூச்சு முட்டி எழுந்து உட்கார்ந்தார், மூன்று தலையணை வைத்துச் சாய்த்த பின்பே உறங்கினார். தட்டையாகப் படுத்தால் திணறுவதும், நிமிர்ந்து உட்கார்ந்தால் தணிவதும் இதயம் தளர்ந்திருப்பதன் அடையாளங்களாக இருக்கக்கூடும். பரிசோதித்தபோது அவ்வாறே இருந்தது. சிகிச்சையை மாற்றினோம், முதியவர் நலமுடன் வீடு திரும்பினார். நோயைக் கண்டறிந்தவன் என்று என் பெயர் பதிவாயிற்று. தலையணைகளை எண்ணி எழுதியவரின் கையெழுத்தோ பின்னாளில் எடைக்குப் போயிற்று.

மருத்துவமனைகளின் வரலாறு பெரும்பாலும் இவ்வாறே எழுதப்படுகிறது. கட்டடத்தைத் திறந்துவைத்தவர் பெயர் கல்லில் இருக்கிறது. அறுவை மருத்துவர்களின் படங்கள் சுவரில் இருக்கின்றன. நோயாளியின் அருகில் இரவெல்லாம் விழித்திருந்தவர்களின் உழைப்போ, நாள்தோறும் கையாளப்பட்ட பொருள்களிலும் குறிப்பேடுகளிலும் மட்டுமே தங்கியிருக்கிறது. அவற்றைக் கழித்துவிட்டால் அவ்வுழைப்புக்கு வேறு சான்று இல்லை. ஆகவேதான் செவிலியர் பணியின் வரலாற்றைக் காக்கும் அருங்காட்சியகத் தொகுப்புகள் தேவை என்று கருதுகிறேன்.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு இலண்டனில் இருக்கிறது. புனித தாமசு மருத்துவமனை வளாகத்தில் 1989ஆம் ஆண்டு முதல் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அருங்காட்சியகம் இயங்கி வருகிறது. அவர் 1860இல் செவிலியர் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியதும் அம்மருத்துவமனையில்தான். ‘கைவிளக்கேந்திய காரிகை’ என்று நம் பாடநூல்களில் படித்தவர்தாம் அவர். பல படங்களில் அவர் கையில் அகல் போன்றதோர் எண்ணெய் விளக்கு காணப்படும். அருங்காட்சியகத்தில் உள்ள விளக்கோ வேறு வகையானது: உள்ளே சுடர் எரிய, மடிப்பு மடிப்பாகச் சுருங்கி விரியும் உறை சூழ்ந்த துருக்கி நாட்டுக் கூண்டு விளக்கு.

இவ்வேறுபாடு சிறியதன்று. அகல் விளக்கு அவரைத் தெய்வப் படிமமாக்குகிறது. கூண்டு விளக்கு அவரை வேலை செய்யும் பெண்ணாகக் காட்டுகிறது. 1854 நவம்பரில் முப்பத்தெட்டுப் பெண்களுடன் ஸ்கூட்டாரி படைமருத்துவமனைக்கு வந்த அவர், நெடிய கூடங்களில் இரவில் நடக்க வேண்டியிருந்தது. காற்றில் அணையாத, உறங்குபவரின் கண்ணில் நேரே ஒளி பாய்ச்சாத விளக்கு அதற்கு ஏற்றது. இன்றும் இரவுப்பணிச் செவிலியர் கைவிளக்கின் ஒளியை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு உங்கள் கட்டிலருகே வருவதைக் கண்டிருப்பீர்கள். கதைகள் மறைத்துவிடும் இத்தகைய உண்மையைப் பொருள் ஒன்றே நமக்குக் காட்டித் தருகிறது.

குறிப்பேடுகளின் வலிமையையும் நைட்டிங்கேல் நன்கு அறிந்திருந்தார். ஸ்கூட்டாரியில் இறப்புகளின் பதிவுகள் ஒழுங்கற்றுக் கிடந்ததைக் கண்டு மனம் வருந்தினார். போருக்குப் பின் இராணுவப் பதிவுகளைத் திரட்டி, 1858இல் புகழ்பெற்ற வட்ட வரைபடங்களை வெளியிட்டார். போர்க்காயங்களால் இறந்தவர்களைவிட, தடுத்திருக்கக்கூடிய நோய்களால் இறந்தவர்களே மிகுதி என்பதை அவை கண்கூடாகக் காட்டின. அப்பதிவுகள் எடைக்குப் போயிருந்தால், இராணுவ மருத்துவமனைகளின் சுகாதாரச் சீர்திருத்தத்திற்கு ஆதாரமே இருந்திராது.

எவருடைய நினைவு காக்கப்படுகிறது என்பதும் கேட்க வேண்டிய கேள்வியே. அதே கிரிமியப் போரில் ஜமைக்காவில் பிறந்த மேரி சீகோல் என்னும் பெண்மணியும் படைவீரர்களைப் பேணினார். 1881இல் அவர் மறைந்த பின் ஏறத்தாழ நூறாண்டுக் காலம் அவரைப் பெரும்பாலோர் மறந்திருந்தனர். புனித தாமசு மருத்துவமனை வளாகத்தில் அவருக்குச் சிலை எழுந்தது 2016இல்தான். நம் மாநிலத்திலும் இவ்வரலாறு நீண்டது. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1871இல் செவிலியர் பயிற்சி தொடங்கியது. வேலூர் கிறித்தவ மருத்துவமனையில் 1909இல் செவிலியர் பள்ளியும், 1946இல் செவிலியர் பட்டப் படிப்பும் தொடங்கின. அங்கெல்லாம் முதலில் பயின்ற பெண்களுள் எத்தனை பேரின் பெயரை நாம் அறிவோம்?

படுக்கைகளே போதாத இடத்தில் அருங்காட்சியகம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். சிகிச்சைக்குரிய பணத்தில் ஒரு ரூபாயையும் இதற்குத் திருப்பக் கூடாது என்பதே என் நிலையும். பெரிய அருங்காட்சியகங்களுக்கும் இடர் வரத்தான் செய்கிறது. கொரோனாத் தொற்றுக் காலத்தில் பார்வையாளர் வருகை நின்றதால் இலண்டன் அருங்காட்சியகமே மூடப்பட்டு, பின்னரே மீண்டும் திறந்தது. நான் கேட்பது கட்டடம் அன்று. புறநோயாளர் காத்திருக்கும் கூடத்தில் ஒரு கண்ணாடி அலமாரி போதும். அதில் கண்ணாடி ஊசிக்குழல், அதைக் கொதிக்கவைத்த எஃகுப் பெட்டி, கஞ்சி போட்டு விறைத்த வெண்தொப்பி ஆகியவற்றை வைத்து, ஒவ்வொன்றின் கீழும் அது எதற்குப் பயன்பட்டது, யார் கையாண்டார் என்று இரண்டு வரி எழுதினால் போதும். ஓய்வு பெறும் செவிலியர் ஒவ்வொருவரிடமும் ஒரு மணி நேரம் பேசி, அதைப் பதிவு செய்துகொள்ளலாம். நோயாளிகளின் பெயருள்ள குறிப்பேடுகளைக் காட்சிக்கு வைத்தல் கூடாது. அவை பூட்டிய அறையில் இருக்கட்டும். ஆனால் எடைக்குப் போக வேண்டாம்.

இதனால் நோயாளிக்கு என்ன பயன்? செவிலியர் பணி என்பது ஊசி போடுவதும் மாத்திரை தருவதும் மட்டுமே என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கும் வரை, அதில் ஆள்குறைப்பு எளிதாகத் தோன்றும். ஒருவர் எத்தனை படுக்கைகளைக் கவனிக்க முடியும் என்ற கேள்வியையும் யாரும் கேட்கமாட்டார்கள். அப்பணி உற்றுநோக்குதல், நினைவில் வைத்தல், எழுதுதல் ஆகியவற்றால் ஆனது என்று அறிந்த குடும்பத்தினர், அந்த உழைப்புக்காகக் குரல் கொடுப்பார்கள். அவசரத்தில் செவிலியரிடம் சொல்லும் சொல்லிலும் சற்று நிதானம் இருக்கும்.

வீட்டில் படுக்கையிலிருப்பவரை இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்கவைத்து, சிறுநீரின் அளவையும் உண்ட வேளையையும் ஒரு நோட்டில் குறித்து வைக்கிறீர்கள் அல்லவா? நீங்களும் அந்த மரபைச் சேர்ந்தவர்களே. அடுத்த முறை மருத்துவரைக் காண வரும்போது அந்த நோட்டைத் தவறாமல் கொண்டு வாருங்கள். நாங்கள் கேட்க மறந்தாலும் எடுத்து நீட்டுங்கள். முன்னொரு காலத்தில் உங்களையோ உங்கள் பெற்றோரையோ பேணிய செவிலியரைப் பற்றி நினைவிருந்தால், அதையும் எழுதித் தாருங்கள்.

அன்று வண்டி கிளம்புமுன் அம்மூத்த செவிலியர் ஒன்றை மட்டும் எடுத்துத் தம் பையில் வைத்துக்கொண்டார். மூடி வளைந்த எஃகு ஊசிப்பெட்டி அது. ‘கையொப்பமிட்ட பட்டியலில் உள்ளது, ஆயினும் தர மாட்டேன்’ என்றார். இன்றும் அவர் வீட்டில் அது இருக்கிறது. நம் அலமாரி தயாரானால் அதைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.