பொருள் மாறாமல் மாற்றணுமாம்!

பதிவு கொஞ்சம் நீளம். அடுப்பில் பால் இருந்தால் இறக்கி வைத்துவிட்டு வந்து படியுங்கள்.

போன வாரம் அண்ணன் பேத்தி பரீட்சைத் தாளோடு வந்தாள். பத்தாம் வகுப்பு. 'ஆஸ் சூன் ஆஸ்' என்று தொடங்கும் வாக்கியத்தை, பொருள் மாறாமல், 'நோ சூனர்' போட்டு மாற்றச் சொல்லியிருந்தது. சரியாக எழுதியிருந்தாள். "ரெண்டுக்கும் என்னடி வித்தியாசம்?" என்றேன். "ரெண்டு மார்க், அத்தைப்பாட்டி" என்றாள்.

சிரித்துவிட்டேன். அப்புறம் சுருக்கென்றது. அந்தப் பதிலை வளர்த்தவர்களில் நானும் ஒருத்தி. சாயங்காலம் எங்கள் திண்ணையில் ட்யூஷன் படித்த உங்களுக்கு நினைவிருக்கும். "ஆஸ் சூன் ஆஸை அடி, நோ சூனர் டிட் போடு, கமாவை எடுத்துட்டு தேன் போடு." ரசத்துக்குப் பொடி அளக்கிற மாதிரி. எதற்காக என்று நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

விளைவைக் கேளுங்கள். உங்களில் ஒருவன் வேலைக்குச் சேர்ந்த புதிதில் லீவ் லெட்டரில் இப்படி எழுதினான்: 'நோ சூனர் டிட் ஐ கெட் ஃபீவர் தேன் ஐ வென்ட் டு த ஹாஸ்பிடல்.' ஆபீசே சிரித்திருக்கிறது. "டீச்சர், கிராமர் சரிதானே, ஏன் சிரிச்சாங்க?" என்று எனக்கு எழுதினான். கிராமர் சரிதான் தம்பி. ஆனால் "வந்துச்சு பாருங்க சார் ஒரு காய்ச்சல்!" என்று லீவ் லெட்டரில் எழுதினால் சிரிக்கமாட்டார்களா? அதைத்தான் நீ இங்கிலீஷில் எழுதியிருந்தாய். தப்பு உன்னுடையதில்லை, என்னுடையது.

பொருள் மாறவில்லை என்று சொன்னதே பொய். சேதி மாறவில்லை, அவ்வளவுதான். 2022 நவம்பரில் நம் சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் மழை கொட்டியதே, அதை வைத்துச் சொல்கிறேன். 'ஐ ஹேவ் நெவர் சீன் சச் ரெயின்' என்றால் விசாரிக்க வந்த அதிகாரியிடம் சொல்வது. 'நெவர் ஹேவ் ஐ சீன் சச் ரெயின்!' என்றால் முழுகிப்போன சம்பா வயலின் வரப்பில் நின்று சொல்வது. இரண்டும் ஒன்றா?

வேலை இவ்வளவுதான். நெவர், செல்டம், ஹார்ட்லி மாதிரி இல்லை என்கிற, குறைக்கிற சொல்லை முன்னே தள்ளினால், துணைவினை எழுவாய்க்கு முன்னால் குதிக்கும், கேள்வி கேட்கிற மாதிரி. துணைவினை இல்லையென்றால் டூ, டஸ், டிட் வரும். டிட் வந்தால் இறந்தகாலத்தை அதுவே சுமந்துகொள்ளும், அதனால் 'டிட் ஹி ரீச்', 'ரீச்ட்' இல்லை. 'எஸ்டர்டே'யை முன்னால் போட்டால் இந்தக் கூத்தெல்லாம் கிடையாது. பழைய இங்கிலீஷில் வினை பெரும்பாலும் இரண்டாம் இடத்தில் உட்கார்ந்த வழக்கம். ஜெர்மனில் இன்றும் அப்படித்தான். இங்கிலீஷில் மிச்சம் இருப்பது இந்த மாதிரி சில மூலைகளில். இதை ஒரு பீரியடில் சொல்லலாம். நான் முப்பது வருஷத்தில் சொல்லவில்லை.

"தமிழ் மீடியம் பிள்ளைக்கு இதெல்லாம் ஏறாது" என்று இப்போதும் சொல்கிறவர்கள் நம் குடும்பத்திலேயே உண்டு. பெயர் சொல்லவில்லை, கல்யாணத்தில் முகம் பார்க்கணும். அவர்களைக் கேட்கிறேன்: நம் ஊரில் வாழ்ந்த அருணாசலக் கவிராயர் யார்? ராம நாடகம் எழுதியவர். இலங்கையிலிருந்து திரும்பிய அனுமன் ராமனிடம் முதலில் எந்தச் சொல்லைச் சொல்கிறான்? சீதை என்ற பெயரை இல்லை, பார்த்துவிட்டேன் என்ற வினையை. அதற்கு முன்பே கம்பரும் அப்படித்தான் வைத்தார். பெயரை முதலில் சொன்னால், அடுத்த சொல் வருவதற்குள் ராமன் மனசு என்ன பாடுபடும்! தமிழில் வினை கடைசியில் வருவது வழக்கம். அதை முன்னால் இழுத்தாலும் வாக்கியம் குழம்பாது, 'ஐ' உருபு சீதையை அடையாளம் காட்டிவிடும். இங்கிலீஷுக்கு அந்த வசதி இல்லை, அதனால்தான் அத்தனை சட்டம்.

நான் எம்.ஏ. இங்கிலீஷ் இல்லை, ஆசிரியர் பயிற்சி டிப்ளமோதான். தப்பிருந்தால் படித்தவர்கள் திருத்துங்கள். "மார்க்குக்கு நேரமே பத்தலை டீச்சர்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அதைச் சொல்லித்தான் நானும் ஓட்டினேன்.

அன்று பேத்தி கிளம்பும்போது ஒரே புலம்பல். "வந்துச்சு பாருங்க ஒரு பஸ்ஸு, பாஸ் வச்சிருக்கிற பிள்ளைங்கன்னு நிக்கவே இல்ல!" பிடித்து உட்கார வைத்தேன். "இப்ப எதுக்குடி 'வந்துச்சு'ன்னு ஆரம்பிச்ச?" யோசித்தாள். "கோவம்ல." "அதே கோவத்தை இங்கிலீஷ்ல சொல்லு." ஐந்து நிமிஷம் பேனாவைக் கடித்தாள். பிறகு எழுதினாள்: 'நெவர் டஸ் தட் பஸ் ஸ்டாப் ஃபார் அஸ்!'

ஆச்சரியக்குறி நான் சொல்லாமலே போட்டாள். பஸ் இன்னும் நிற்பதில்லை.